பவர் எழுதிக் கொடுக்குமுன்: வக்கீலைப் பார்க்க வேண்டுமா?

(திருவண்ணாமலை வட்டார உழவர்களுக்காக வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய வானொலி உரை)



மல்லாட்டைக்கு ஜிப்சம் போடுவது பற்றியும் கரும்பில் இடைக்கணுப் புழுவைப் பற்றியும் பேசுகிற நேரத்தில் இன்றைக்குப் பத்திரத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். "விவசாய ஆபீசருக்கும் பத்திர ஆபீசுக்கும் என்னாங்க சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். 45-ஆம் நாள் மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டால் காய் திரட்சியாக வரும், சரிதான். அறுவடைக்கு முன்னால் நிலமே வேறொருவர் பெயருக்குப் போயிருந்தால் அந்தக் காய் யார் வீட்டுக் களத்துக்குப் போகும்? வயல் பார்க்கப் போகிற இடத்தில் பயிரைப் பற்றி ஒரு கேள்வி வந்தால் நிலத்தைப் பற்றி இரண்டு கேள்வி வருகிறது. அதில் அடிக்கடி வருவது இது: "பையன் பேருக்குப் பவர் எழுதணும், வக்கீல் வேணுமா, பத்திரம் எழுதுறவரே போதுமா?"

நம் மாவட்டத்தில் இந்தக் கேள்வி பெருகியதற்குக் காரணம் உங்களுக்கே தெரியும். பிள்ளைகள் பெங்களூருக்கும் சென்னைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பிழைக்கப் போய்விட்டார்கள். நிலம் இங்கே, நிலத்துக்குச் சொந்தக்காரர் அங்கே. இன்னொரு பக்கம், கிரிவலப் பாதையைச் சுற்றியும் நெடுஞ்சாலை ஓரங்களிலும் மனை தேடி வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். அவர்களுக்கு முன்னால் புரோக்கர் வருகிறார். அவர் கையில் ஒரு தாள் இருக்கிறது, அதுதான் பவர் பத்திரம்.

பவர் பத்திரத்தைப் பதிவுத் துறையில் அதிகார ஆவணம் என்பார்கள். எழுதிக் கொடுப்பவர் முதன்மையர், வாங்கிக்கொள்பவர் முகவர். ஏர் மாடு உள்ளவர் பக்கத்து நிலத்துக்காரருக்கு இரண்டு நாள் உழவுக்கு மாட்டை ஓட்டி விடுகிறார். மாடு போகிறது, உழுகிறது, திரும்பி வருகிறது. உழுதவர் மாட்டுக்குச் சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லை. பவர் என்பதும் அப்படித்தான். உங்கள் கையெழுத்தை, உங்கள் கை ரேகையை, ஒரு வேலைக்காக இன்னொருவரிடம் இரவல் கொடுக்கிறீர்கள். அவர் போடுகிற கையெழுத்து நீங்கள் போட்டதற்குச் சமம். ஆகவே எந்த வேலைக்கு, எந்த நிலத்துக்கு, எத்தனை நாளைக்கு என்று சொல்லாமல் கொடுத்தால், மாட்டைக் கயிற்றோடு அவிழ்த்து ஊர் எல்லையில் விட்ட கதைதான்.

இதில் இரண்டு வகை. ஒரே ஒரு வேலைக்குக் கொடுப்பது சிறப்பு அதிகாரம். எழுதிக் கையெழுத்தான ஒரு கிரயப் பத்திரத்தைச் சார்பதிவாளரிடம் தாக்கல் செய்வது, ஒரு வழக்கில் ஆஜராவது போன்றவை அதில் சேரும். குத்தகைக்கு விடுவது, வரி கட்டுவது, அடமானம் வைப்பது, விற்பது என்று பல வேலைகளுக்கும் சேர்த்துக் கொடுப்பது பொது அதிகாரம். நம்மவர்கள் பெரும்பாலும் தேவை சிறியதாக இருக்கும்போதும் பொது அதிகாரத்தையே எழுதிவிடுகிறார்கள். எழுதுபவரிடம் அந்த மாதிரிதான் தயாராக இருக்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

சில வேலைகளுக்குப் பவரே தேவையில்லை. அப்பா நடக்க முடியாமல் படுத்திருக்கிறார், வங்கியில் பணம் எடுக்க வேண்டும், அதற்காக ஐந்து ஏக்கருக்கும் பொது அதிகாரம் எழுதுகிற வீடுகள் உண்டு. வங்கியிலேயே கணக்கை இன்னொருவர் நடத்த அதிகாரக் கடிதம் கொடுக்க வழி இருக்கிறது. கையெழுத்தும் போட முடியாத நோயாளியின் கை ரேகையையோ கால் விரல் ரேகையையோ, வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகளை வைத்து ஏற்றுக்கொண்டு பணம் கொடுக்கவும் ரிசர்வ் வங்கி வழி செய்து வைத்திருக்கிறது. மேலாளரிடம் கேளுங்கள். அதே போல, பி.எம். கிசான் உதவித்தொகைக்கு ஆதார் வழியாகச் செய்கிற சரிபார்ப்பை உழவரே செய்துகொள்ள வேண்டும். பவர் பத்திரத்தைக் காட்டி முடிக்க முடியாது.

இனி, பலர் ஏமாந்துபோகும் இடத்துக்கு வருகிறேன். பவர் பத்திரம் கிரயப் பத்திரம் ஆகாது. பவர் வாங்கியவர் நிலத்தை வாங்கியவர் ஆகமாட்டார். ஆனாலும் ஊரில் "பவர்ல வாங்கியிருக்கேன்" என்று சொல்லிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். கிரயச் செலவை மிச்சப்படுத்த, முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு ஒரு பவரும் ஒரு ஒப்பந்தமும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். 2011-ஆம் ஆண்டு அக்டோபர் 11 அன்று சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: பவர், ஒப்பந்தம், உயில் ஆகியவற்றைக் காட்டி நிலத்தின் உரிமை கைமாறாது, பதிவு செய்த கிரயப் பத்திரம் வேண்டும். அதே தீர்ப்பில் இன்னொன்றும் உண்டு. ஒருவர் தன் மனைவிக்கோ, கணவருக்கோ, பிள்ளைக்கோ, உடன்பிறந்தவருக்கோ, உறவினருக்கோ தம் காரியத்தைப் பார்க்கவோ கிரயம் எழுதித் தரவோ உண்மையாகக் கொடுக்கும் பவருக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. ஆகவே பவர் என்ற பெயரைக் கேட்டதுமே பயப்படவும் வேண்டாம்.

இன்னொரு வழக்கு, பெங்களூரு சம்பந்தப்பட்டது. சொந்தக்காரர் 1986-இல் ஒரு மனைக்குப் பவரும், பதிவு செய்யாத கிரய ஒப்பந்தமும் எழுதிக் கொடுத்தார். பவரில் 'ரத்து செய்ய முடியாதது' என்றே இருந்தது. அவர் 1997-இல் இறந்துபோனார். பவர் வைத்திருந்தவர் 1998-இல் அந்தப் பவரை வைத்துத் தம் மகனுக்குக் கிரயம் செய்தார். வழக்கு மேலே மேலே போய், 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: எழுதிக் கொடுத்தவர் இறந்த அன்றே பவர் முடிந்துவிட்டது, அதற்குப் பிறகு செய்த கிரயம் செல்லாது. 'ரத்து செய்ய முடியாதது' என்று எழுதிவிட்டால் மட்டும் அது அப்படி ஆகிவிடாது, உள்ளடக்கத்தைப் பார்க்க வேண்டும் என்பதும் அந்தத் தீர்ப்பில் உண்டு. பணம் கொடுத்தவர் பக்கம் இருந்து பாருங்கள். 1986-இலேயே கிரயமாகப் பதிவு செய்திருந்தால் இத்தனை ஆண்டுகள் கோர்ட்டுக்கு நடந்திருக்க வேண்டாம்.

நம் ஊர்களில் இதைவிட ஆபத்தான ஒன்று நடக்கிறது. கடனுக்குப் பவர் எழுதுவது. மகளுக்குக் கல்யாணம், அல்லது கிணற்றில் தண்ணீர் இல்லாமல் போர் போட வேண்டும். கையில் பணம் இல்லை. கடன் கொடுப்பவர் சொல்கிறார்: "அடமானம்னா செலவு ஜாஸ்திண்ணே. ஒரு பவர் எழுதிக் குடுத்துடுங்க, பணத்தைக் குடுத்ததும் ரத்து பண்ணிக்கலாம்." கேட்பதற்கு நல்லதாகத்தான் இருக்கிறது. அடமானப் பத்திரத்தில் கடன் தொகை, வட்டி, தவணை எல்லாம் எழுதப்பட்டிருக்கும். கடன் கட்டவில்லை என்றாலும் சாதாரண அடமானத்தில் அவர் கோர்ட்டுக்குப் போய்த்தான் நிலத்தை ஏலத்துக்குக் கொண்டுவர முடியும். உங்களுக்குக் கால அவகாசம் கிடைக்கும். பவரில் கடன் என்ற சொல்லே இருக்காது. விற்கும் அதிகாரம் மட்டும் இருக்கும். உங்கள் வட்டி இரண்டு மாதம் தவறினால் அவர் நேராகப் பதிவு அலுவலகத்துக்குப் போகலாம். நீங்கள் வாங்கியது கடன்தான், விற்கவில்லை என்று பிறகு நிரூபிக்க வேண்டிய பாரம் உங்கள் தலையில் விழும். ஆகவே யாரிடம் கடன் வாங்கினாலும் பவர் எழுதாதீர்கள். அடமானமென்றால் அடமானம் என்றே எழுதிப் பதிவு செய்யுங்கள். அடமானம் எழுத மறுத்துப் பவர்தான் வேண்டும் என்று ஒருவர் பிடிவாதம் பிடித்தால், அவர் கண் வட்டியின் மேல் இல்லை, நிலத்தின் மேல் இருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

பெண்கள் கேட்க வேண்டிய செய்தி ஒன்று. "தங்கச்சி, பட்டா மாத்தணும், பவர்ல ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போ" என்று அண்ணன் கூப்பிடுவார். போய்ப் பார்த்தால் தாளின் தலைப்பில் 'விடுதலைப் பத்திரம்' என்று இருக்கும். பவர் என்றால் பிறகு ரத்து செய்யலாம். விடுதலைப் பத்திரம் என்றால் உங்கள் பங்கு அன்றோடு போயிற்று. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-இலேயே சட்டம் வந்தது, 2005-இல் நாடு முழுமைக்கும் வந்தது. விட்டுக்கொடுப்பது உங்கள் இஷ்டம். எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுங்கள். வயதான பெற்றோர்களுக்கும் இதையே சொல்வேன். பவர் என்று சொல்லி அழைத்துப் போய் 'தான செட்டில்மென்ட்' எழுதி வாங்கிவிட்டால் அது உடனே பிள்ளை பெயருக்குப் போய்விடும். தலைப்பைப் படிக்கத் தெரியாவிட்டால், குடும்பத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு பள்ளிக்கூட வாத்தியாரையாவது படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

இப்போது வக்கீல் கேள்விக்கு வருவோம். பவர் எழுத வக்கீல் கட்டாயம் என்று சட்டம் சொல்லவில்லை. நீங்களே எழுதலாம். பதிவுத் துறையின் இணையதளத்தில் மாதிரிகள் இருக்கின்றன. உரிமம் பெற்ற பத்திர எழுத்தர் எழுதலாம். அவர்களுக்கென்று 1982-இல் வந்த உரிம விதிகள் உண்டு. வக்கீலும் எழுதலாம். பத்திர எழுத்தர்களில் சர்வே எண்ணையும் எல்லையையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற அனுபவசாலிகள் இருக்கிறார்கள். எழுத்து வேலையில் அவர்களுக்குக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் சொன்னதை எழுதுவதுதான் அவர் வேலை. 'இதை எழுதலாமா?' என்று உங்களுக்காக யோசிப்பது வேறு வேலை. அந்த வேலைக்குத்தான் வக்கீல்.

எனவே நான் பிரித்துச் சொல்கிறேன். கூடப் பிறந்தவருக்கோ, பெற்ற பிள்ளைக்கோ, மனைவிக்கோ, ஒரு குறிப்பிட்ட வேலைக்கு, விற்கும் அதிகாரம் இல்லாமல் கொடுப்பதானால் நல்ல பத்திர எழுத்தர் போதும். விற்கும் அதிகாரமோ அடமானம் வைக்கும் அதிகாரமோ இருந்தால், சொந்தப் பிள்ளைக்கே ஆனாலும், ஒரு வக்கீலிடம் வரைவைக் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். அண்ணன் தம்பிகள் பங்கு பிரியாத கூட்டுப் பட்டா நிலம், வழக்கில் உள்ள நிலம், மைனர் பங்கு உள்ள நிலம் இவற்றுக்கும் அப்படியே. வெளியாருக்கு, அதுவும் மனை போடுகிறவருக்கு, பவர் கொடுப்பதானால் வக்கீல் இல்லாமல் பேனாவையே தொடாதீர்கள்.

யாருடைய வக்கீல் என்பதையும் கவனியுங்கள். "எங்க வக்கீல் எல்லாம் பார்த்துட்டாருண்ணே, நீங்க செலவு பண்ண வேணாம்" என்று புரோக்கர் சொல்வார். அந்த வக்கீல் அவருடைய வக்கீல். அவர் நேர்மையானவராகவே இருக்கலாம், ஆனால் அவர் காப்பது காசு கொடுத்தவரை. மாட்டுச் சந்தையில் விற்பவரின் தரகரிடம் போய் "பல் பாத்துச் சொல்லுங்க" என்று யாராவது கேட்பார்களா? உங்கள் காசில், உங்களுக்கென்று ஒருவரைப் பாருங்கள். முழுப் பத்திரத்தையும் அவரே எழுத வேண்டியதில்லை; வரைவைப் படித்துத் தவறு சொல்ல மட்டும் எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு மூட்டை உரத்துக்குக் கணக்குப் பார்த்து வாங்குகிற நாம் ஒரு ஏக்கர் நிலத்துக்கு அந்தச் செலவைப் பார்த்துப் பின்வாங்குவது சரியில்லை.

காசே இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி மாவட்டத்துக்கு மாவட்டம் இலவசச் சட்ட உதவி இருக்கிறது. திருவண்ணாமலையில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு உண்டு, தாலுகாக்களில் வட்டச் சட்டப் பணிகள் குழு உண்டு. பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் உதவுவார்கள். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்து விசாரிக்கலாம். ஜவ்வாது மலைப் பக்கத்து மக்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மலையிலிருந்து இறங்கி வந்து, எதிர்ப்படுகிறவரிடம் எல்லாம் தாளைக் காட்டிக் கேட்க வேண்டியதில்லை.

சரி, பத்திரத்தில் என்ன எழுதுவது? சர்வே எண், உட்பிரிவு, எத்தனை சென்ட், நான்கு எல்லை ஆகியவை முதலில் வேண்டும். 'எனக்குச் சொந்தமான சகல சொத்துக்களும்' என்று எழுதச் சம்மதிக்காதீர்கள். என்னென்ன செய்யலாம் என்பதை ஒவ்வொன்றாகச் சொல்லி, விற்கவோ அடமானம் வைக்கவோ அதிகாரம் இல்லை என்றால் அதையும் ஒரு வரியாக எழுதுங்கள். விற்கத்தான் கொடுக்கிறீர்கள் என்றால், குறைந்தபட்சம் என்ன விலை, பணம் நேராக உங்கள் வங்கிக் கணக்கில் சேர வேண்டும் என்ற இரண்டையும் கணக்கு எண்ணோடு எழுதுங்கள். முகவர் வேறொருவருக்கு அந்தப் பவரைக் கைமாற்றக் கூடாது என்று ஒரு வரி. இன்ன தேதியோடு முடிகிறது என்று ஒரு வரி. கேட்டபோது முகவர் கணக்குக் காட்ட வேண்டும் என்பது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்திலேயே உள்ளது, ஆனாலும் எழுதி வைத்தால் கேட்பது எளிது. மூலப் பத்திரத்தை உங்கள் பீரோவிலேயே வையுங்கள். கிரயம் நடக்கும் அன்று நீங்களோ உங்கள் நம்பிக்கையான ஆளோ கொண்டுபோகலாம்.

பதிவு கட்டாயமா என்று கேட்கிறீர்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் நிலம், வீடு சம்பந்தமான பவரைப் பதிவு செய்தே ஆக வேண்டும். வெறும் முத்திரைத் தாளில் எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்கியதை நம்பி யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். குடும்பத்தாருக்குக் கொடுத்தால் கட்டணம் குறைவு. விற்கும் அதிகாரத்தோடு வெளியாருக்குக் கொடுத்தால், 2023 ஜூலை 10-இல் செய்த மாற்றத்தின்படி, சொத்து மதிப்பில் 1 சதவீதம் பதிவுக் கட்டணம். கட்டணங்கள் மாறுவதால் போகிற அன்று அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சார்பதிவாளர் உங்களைப் பார்த்து "படித்துப் பார்த்தீர்களா, சம்மதமா?" என்று கேட்பார். அது சடங்குக் கேள்வி இல்லை. சந்தேகம் இருந்தால் அந்த இடத்திலேயே "இல்லைங்க" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. கூட வந்தவர் முறைப்பார் என்று பயப்படாதீர்கள்.

நடக்க முடியாத பெரியவரை ஆட்டோவில் தூக்கி வந்து பதிவு அலுவலக வாசலில் காத்திருக்க வைப்பதைச் சில இடங்களில் பார்க்கிறோம். அவசியமில்லை. உடல் நலமில்லாதவர்கள் வீட்டுக்கே சார்பதிவாளர் வந்து விசாரித்துப் பதிவு செய்ய 1908-ஆம் ஆண்டு பதிவுச் சட்டத்தில் இடம் இருக்கிறது. மருத்துவச் சான்றோடு மனுக் கொடுத்துக் கட்டணம் கட்ட வேண்டும்.

பெங்களூரில் இருக்கிற மகன் இங்கே அப்பாவுக்குப் பவர் தர வேண்டுமானால், தான் குடியிருக்கும் பகுதியின் சார்பதிவாளர் முன்பு செய்து அனுப்பலாம். துபாய், குவைத் பக்கம் இருப்பவர் அங்குள்ள இந்தியத் தூதரக அதிகாரி முன்போ நோட்டரி முன்போ கையெழுத்திட்டு அனுப்பலாம். அது இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். தபால் உறையைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு ஆறு மாதம் கழித்து எடுத்து வராதீர்கள்.

வெளிநாட்டுப் பிள்ளைகளால் வருகிற ஒரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் 2007-லிருந்து ஒரு வகைப் பவர் உண்டு. எழுதிக் கொடுத்தவருக்கு நினைவு தப்பிப் போன பிறகும் அது செல்லும், அதற்காகவே வந்தது. அங்கே சாலிசிட்டர் என்று சொல்லப்படும் வக்கீலிடம் போகாமல் தாங்களே படிவம் நிரப்பியும் பதிவு செய்துகொள்கிறார்கள். அதைக் கேள்விப்பட்டுப் பிள்ளைகள் "அப்பாகிட்ட இப்பவே ஒரு பவர் வாங்கி வச்சுட்டா, பின்னால முடியாமப் போனாலும் கவலையில்ல" என்று போனில் சொல்கிறார்கள். நம் நாட்டுச் சட்டம் அப்படி இல்லை. எழுதிக் கொடுத்தவர் இறந்தாலும் பவர் முடிந்தது, சித்தம் கலங்கினாலும் முடிந்தது. நினைவு தப்பிய பெரியவரின் கையைப் பிடித்து ரேகை வைக்கச் சொன்னால் அந்தப் பத்திரமும் செல்லாது. அந்த நிலைமையில் அவருடைய சொத்தைப் பார்க்க நீதிமன்றத்தை அணுகிப் பாதுகாவலராக நியமனம் பெற வேண்டும். அதற்குக் கட்டாயம் வக்கீல் வேண்டும். தமக்குப் பின் யாருக்கு எது என்பதை அப்பா தெளிவாக இருக்கும்போதே சொல்ல நினைத்தால் அது உயில் மூலம் செய்கிற காரியம். பவரால் அதைச் செய்ய முடியாது.

இறந்தவரின் பவரை வைத்துக் கிரயம் செய்கிற மோசடியைத் தடுக்கத்தான், முகவர் கிரயம் செய்ய வரும்போது, எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற மருத்துவர் சான்றைப் பதிவு அலுவலகத்தில் கேட்கிறார்கள். நீங்கள் முகவரிடமிருந்து வாங்குகிறவரானால் அந்தச் சான்றோடு நிற்காதீர்கள். எழுதிக் கொடுத்தவரின் ஊருக்கே ஒரு பஸ் ஏறிப் போய், திண்ணையில் உட்கார்ந்து அவரிடம் நேராகக் கேட்டுவிட்டு வாருங்கள்.

கொடுத்த பவரை ரத்து செய்வது பற்றிக் கடைசியாகச் சொல்கிறேன். முகவரோடு மனஸ்தாபம் வந்தால் "அந்தப் பத்திரத்தைக் கிழிச்சுப் போட்டுட்டேன்" என்று இருந்துவிடாதீர்கள். நீங்கள் கிழித்தது ஒரு தாள், பதிவு அப்படியே இருக்கிறது. ரத்துப் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்த கையோடு முகவருக்கு ஒப்புகையுடன் கூடிய தபாலில் அறிவிப்பு அனுப்ப வேண்டும். காரணம், ரத்தான செய்தி தெரியும் வரை முகவர் செய்கிற காரியம் உங்களைக் கட்டுப்படுத்தக்கூடும். நிலத்தைப் பார்க்க வந்தவர்கள், புரோக்கர், குத்தகைக்காரர், கிராம நிர்வாக அலுவலர் என்று தெரிய வேண்டிய எல்லோருக்கும் தெரிவியுங்கள். உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு விளம்பரமும் கொடுக்கலாம். முகவர் முன்பணம் கொடுத்திருக்கிறார், அல்லது அவருக்கே அந்தச் சொத்தில் பாத்தியதை எழுதப்பட்டிருக்கிறது என்றால் ரத்து செய்வது சிக்கலாகும். அப்போது ரத்துப் பத்திரத்துக்கு முன்னாலேயே வக்கீலைப் பாருங்கள்.

வில்லங்கச் சான்று எடுத்தால் நிலத்தின் மேல் பதிவான பவரும் அதில் தெரியும். பதிவுத் துறை இணையதளத்தில் அதைக் காசில்லாமல் பார்க்கலாம். வீட்டில் படிக்கிற பிள்ளையிடம் சர்வே எண்ணைக் கொடுத்து, மல்லாட்டை விதைக்கும்போது ஒரு தடவை, கார்த்திகை தீபத்தின்போது ஒரு தடவை பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரியாத பெயர் ஒன்று அதில் இருந்தால், அன்றைக்கே சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் அந்த ஆவணத்தின் நகலுக்கு மனுக் கொடுங்கள். நகலை வாங்கிக்கொண்டு வக்கீல் வீட்டுக்குப் போகலாம்.